ஆய்வேட்டிலிருந்து ஆயிரம் சொற்கள்: சயின்ஸ் – சைலைஃப்லேப் இளம் விஞ்ஞானி பரிசுக்கு விண்ணப்பிக்க முழு வழிகாட்டி

உயிரியல் துறைகளில் முனைவர் பட்டம் வாங்கி ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களுக்கு உலக அளவில் தரப்படும் பரிசுகளில் பலவற்றுக்கு யாராவது உங்களை முன்மொழிய வேண்டும். சயின்ஸ் – சைலைஃப்லேப் இளம் விஞ்ஞானி பரிசு அப்படியில்லை. நீங்களே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் படித்தவராகவும் இருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன என்பதைவிட, முனைவர் பட்ட ஆய்வை ஆயிரம் சொற்களில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் முடிவு தங்கியிருக்கிறது.

பரிசைத் தருபவை இரண்டு அமைப்புகள். ஒன்று, அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகம் வெளியிடும் சயின்ஸ் வார இதழ். மற்றது சைலைஃப்லேப். இது ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம், கரோலின்ஸ்கா நிறுவனம், கேடிஎச் தொழில்நுட்பக் கழகம், உப்சாலா பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய சுவீடனின் உயிர் அறிவியல் மையம். பணம் க்னூட் – ஆலிஸ் வாலன்பெரி அறக்கட்டளையிலிருந்து வருகிறது. 2013 முதல் பரிசு வழங்கப்படுகிறது. பிரிவுகள் நான்கு: செல் மற்றும் மூலக்கூறு உயிரியல்; ஜீனோமிக்ஸ் (மரபணுத் தொகுதி ஆய்வு), புரோட்டியோமிக்ஸ் (புரதத் தொகுதி ஆய்வு), அமைப்பு உயிரியல்; சூழலியலும் சுற்றுச்சூழலும்; மூலக்கூறு மருத்துவம். பிரிவுக்கு ஒருவர் தேர்வாகிறார். அவர்களில் ஒருவருக்குப் பெரும்பரிசாக 30,000 டாலர், மற்ற மூவருக்கும் தலா 10,000 டாலர். பெரும்பரிசு பெற்றவரின் கட்டுரை சயின்ஸ் இதழில் வெளியாகும். பரிசளிப்பு டிசம்பரில், ஸ்டாக்ஹோமில்.

தொகைகள், பிரிவுகளின் பெயர்கள், கடைசித் தேதி ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறலாம். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இதைப் படிப்பது நல்லது.

முதலில் பட்டத்தின் தேதியைப் பாருங்கள்

கட்டுரையில் ஒரு வரி எழுதும் முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இது. முந்தைய இரண்டு நாட்காட்டி ஆண்டுகளுக்குள் முனைவர் பட்டம் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. எடுத்துக்காட்டாக, 2019-ஆம் ஆண்டுப் பரிசுக்கு 2017 ஜனவரி 1 முதல் 2018 டிசம்பர் 31 வரை பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பித்தார்கள். அதே கணக்கை உங்கள் ஆண்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயது வரம்பு பற்றிக் கவலைப்பட வேண்டாம். கணக்கு பட்டத்தின் தேதியை வைத்துத்தான்.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் குழம்புவது இங்கேதான். ஆய்வேடு சமர்ப்பித்த நாள் ஒன்று, பொது வாய்மொழித் தேர்வு நடந்த நாள் ஒன்று, பல்கலைக்கழகம் பட்டத்துக்குத் தகுதியானவர் என அறிவித்த நாள் ஒன்று, பட்டமளிப்பு விழா நாள் இன்னொன்று. நவம்பரில் வைவா முடித்தவருக்கு அறிவிப்பு பிப்ரவரியில் வரலாம். மேடையேறிப் பட்டம் வாங்குவது அதற்கும் ஓராண்டு கழித்து நடக்கலாம். ஆக, ஒரே மனிதருக்கு இரண்டு மூன்று வெவ்வேறு ஆண்டுகள் கணக்காகின்றன. பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழகங்களின் புரொவிஷனல் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் பட்டத்துக்குத் தகுதி பெற்றவர்' என்று ஒரு வரி இருக்கும். ஆவணமாகக் காட்ட அந்தத் தேதிதான் உறுதியானது. இலங்கையில் படித்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. அங்கே சான்றிதழிலேயே பட்டம் எந்தத் தேதி முதல் செல்லும் என்று குறிப்பிடுவது வழக்கம்.

தேதி எல்லைக்கோட்டில் விழுந்தால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பரிசு அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேதியை எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள். கூடவே பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவிலிருந்து தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஜூலையில் கேட்டால் ஜூலையில் கிடைக்காது. ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

பிரிவைத் தேர்வது: கருவியை வைத்து அல்ல, கேள்வியை வைத்து

டிஎன்ஏ வரிசைமுறைப்படுத்தல் செய்தேன், அதனால் ஜீனோமிக்ஸ் பிரிவு என்று முடிவெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இன்று சூழலியலாளர்களும் வரிசைமுறைப்படுத்துகிறார்கள், மருத்துவ ஆய்வாளர்களும் செய்கிறார்கள். உங்கள் ஆய்வின் முடிவு எந்தத் துறையின் நம்பிக்கையை மாற்றுகிறது என்று பாருங்கள். அந்தத் துறையே உங்கள் பிரிவு.

முதல் ஆண்டான 2013-ல் பெரும்பரிசு பெற்ற டேனியல் ஸ்ட்ரைக்கரின் பணி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. வௌவால்களில் ரேபிஸ் வைரஸ் எப்படி நிலைக்கிறது, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு எப்படித் தாவுகிறது என்பதே அவருடைய ஆய்வு. வட அமெரிக்காவின் 23 வௌவால் இனங்களிலிருந்து எடுத்த 372 வைரஸ் மாதிரிகளின் மரபணு வரிசைகளை அவர் குழு அலசியது. கருவியைப் பார்த்தால் மரபியல். ஆனால் கேள்வியோ ஓர் ஓம்புயிரியின் (வைரஸ் தங்கி வாழும் விலங்கின்) சூழலும் உறவுமுறையும் நோய் தாவுவதை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பது. அது சூழலியல் கேள்வி.

இரண்டு பிரிவுகளுக்கும் பொருந்துகிறதே என்ற தயக்கம் வந்தால், கட்டுரையின் கடைசிப் பத்தியை முதலில் எழுதிப் பாருங்கள். அந்தப் பத்தி நோயாளியைப் பற்றிப் பேசினால் மூலக்கூறு மருத்துவம். செல்லுக்குள் ஓர் இயக்கம் எப்படி நடக்கிறது என்று பேசினால் செல் உயிரியல். போட்டி எந்தப் பிரிவில் குறைவு என்று கணக்குப் போட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஆவணங்கள்

தேவைப்படுபவை அதிகமில்லை: இணையப் படிவம், ஆயிரம் சொற்களுக்கு மிகாத கட்டுரை, ஆய்வேட்டின் விவரமும் ஆங்கிலத்தில் அதன் சுருக்கமும், பெற்ற விருதுகள் போன்ற விவரங்கள், ஒரு பக்கப் பரிந்துரைக் கடிதம். ஆய்வேடு எந்த மொழியில் இருந்தாலும் சுருக்கமும் கட்டுரையும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

ஆய்வேட்டுச் சுருக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டும் முன் சொற்களை எண்ணுங்கள். நம் பல்கலைக்கழகச் சுருக்கங்கள் நான்கைந்து பக்கம் போகும். படிவத்தில் உள்ள வரம்பு அதைவிட மிகக் குறைவு. வெட்டும்போது முறைகளை வெட்டுங்கள், முடிவுகளை விட்டுவையுங்கள்.

பரிந்துரைக் கடிதம்

நெறியாளரோ ஆய்வுக் குழு உறுப்பினரோ எழுத வேண்டும். ஒரு பக்கம்தான். எனவே 'உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனிமையானவர்' என்று தொடங்கும் கடிதம் தனக்குக் கிடைத்த இடத்தில் பாதியை அங்கேயே இழந்துவிடுகிறது. தேர்வாளர் கடிதத்தில் தேடுவது இரண்டே செய்திகளை: இந்தக் கேள்வி யாருடையது? கடினமான கட்டத்தில் முடிவெடுத்தது யார்? பெரிய ஆய்வகங்களிலிருந்து வரும் பணியில் பத்துப் பேரின் பெயர் இருக்கும். அவர்களில் விண்ணப்பதாரரின் பங்கு எது என்பதைக் கட்டுரையில் நீங்கள் சொல்லலாம். ஆனால் அதை உறுதிப்படுத்த நெறியாளரால்தான் முடியும்.

'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லும் நெறியாளர்கள் நம்மிடம் நிறைய. மறுத்துப் பேசுவதும் எளிதல்ல. ஆனால் கட்டுரையையும் கடிதத்தையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒருவருக்கு இரண்டும் ஒரே கை எழுதியது என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. முழுக் கடிதமாக எழுதாமல் அரைப் பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். பரிசின் நோக்கம், கடைசித் தேதி, ஒரு பக்க வரம்பு, நீங்கள் தனியாக வடிவமைத்த சோதனைகள் எவை, எந்த மாதம் எந்த முடிவு திட்டத்தைத் திருப்பியது – இவை குறிப்பில் இருக்கட்டும். 'ஐயா, இவற்றில் உங்களுக்குச் சரியென்று படுவதை உங்கள் சொற்களில் எழுதித் தந்தால் போதும்' என்று கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் முன்னதாகக் கேளுங்கள். அப்படியும் நடக்கவில்லையென்றால், உங்கள் பணியை நன்றாக அறிந்த ஆய்வுக் குழு உறுப்பினரிடம் போங்கள். பதவியில் பெரியவரின் வெற்றுக் கடிதத்தைவிட, பணியைப் பக்கத்திலிருந்து பார்த்தவரின் கடிதமே எடை கூடியது.

நிறுவன முகப்புத் தாள், தேதி, கையெழுத்து, பிடிஎஃப் – நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைப்பேசியில் சாய்வாகப் படமெடுத்த கடிதத்தை ஏற்றாதீர்கள்.

கட்டுரை: ஒரே ஒரு கேள்வி

ஆய்வின் தரம், அது துறைக்கு என்ன தருகிறது என்பதை விளக்கும் திறன் – தேர்வு இவ்விரண்டின் மீதும் நடக்கிறது. படிப்பவர்கள் சயின்ஸ் ஆசிரியர்களும் அவர்கள் அழைக்கும் விஞ்ஞானிகளும். உயிரியல் தெரிந்தவர்கள்தான், உங்கள் உட்பிரிவு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. வளர்ச்சி உயிரியலில் இருபது ஆண்டு உழைத்தவர் உங்கள் மண் நுண்ணுயிர்க் கட்டுரையைப் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கட்டுரைகள் தோற்பதற்கு முதன்மையான காரணம் ஒன்றுதான்: ஆய்வேட்டைச் சுருக்குவது. நம் ஆய்வேடுகள் நோக்கம் ஒன்று, நோக்கம் இரண்டு என்று நான்கைந்து நோக்கங்களாகப் பிரிந்திருக்கும். அதே வரிசையில் ஒவ்வொன்றுக்கும் இருநூறு சொல் ஒதுக்கி எழுதினால் ஐந்து சின்னச் சுருக்கங்கள் கிடைக்கும், கட்டுரை கிடைக்காது. ஐந்தும் தனித்தனியே சரியாக இருக்கும், ஆனால் படித்து முடித்தவரால் நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது.

அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். 'இந்த ஆய்வுக்கு முன் இப்படி நினைத்தார்கள்.' 'இப்போது இப்படித் தெரிகிறது.' இரண்டும் தலா இருபது சொல்லுக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் ஆய்வில் குறையில்லை. எந்த முடிவு முதன்மையானது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அடங்கிய பிறகு, அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் நடக்கத் தேவையான சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். மூன்றாண்டு உழைத்த ஓர் அத்தியாயம் வெளியே போகலாம். போகட்டும்.

ஸ்ட்ரைக்கரின் ஆய்வை மறுபடி பார்ப்போம். அதன் இன்னொரு பகுதி பெரு நாட்டில் நடந்தது. அங்கே இரத்தம் குடிக்கும் வௌவால்கள் கால்நடைகளையும் மனிதர்களையும் கடித்து ரேபிஸைப் பரப்புகின்றன. அதைத் தடுக்க வௌவால்களைக் கொல்வது பல்லாண்டுப் பழக்கம். பிடித்த வௌவாலின் மேல் இரத்தம் உறையவிடாத மருந்துக் களிம்பைத் தடவி விடுவார்கள். கூட்டத்தில் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது மற்றவையும் இறக்கும். கூட்டம் சிறுத்தால் நோய் குறையும் என்பதே இதன் பின்னாலிருந்த நம்பிக்கை. இருபது கூட்டங்களில் எதிர்ப்புப் புரதங்களை அளந்து பார்த்தபோது, கூட்டத்தின் அளவுக்கும் வைரஸ் தொடர்புக்கும் உறவில்லை. கொல்வதால் பாதிப்பு குறையவும் இல்லை. வளர்ந்த வௌவால்களைவிட இளையவற்றில்தான் வைரஸ் தொட்ட தடயம் அதிகம். களிம்பு எட்டுவதோ பெரும்பாலும் வளர்ந்தவற்றை.

வட அமெரிக்க மரபணு வரிசைகளும் பெருவின் இரத்த மாதிரிகளும் வெவ்வேறு அத்தியாயங்கள், வெவ்வேறு முறைகள். ஆனால் 'விலங்குகளிடம் ஒரு வைரஸ் எப்படி நிலைக்கிறது, எப்போது தாவுகிறது' என்ற கேள்வியின் கீழ் இரண்டும் தாமாகவே வந்து உட்காருகின்றன. உங்கள் ஆய்வேட்டில் அப்படிப்பட்ட கேள்வி எது என்று தேடுவதற்கு ஒரு வாரம் செலவானாலும் அது வீணல்ல.

சொற்களை எங்கே செலவிடுவது

ஆயிரம் சொல் என்பது அச்சில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். தோராயமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். கேள்வியை முன்வைக்க 120 முதல் 150. முன்பு தெரிந்திருந்ததும் அதில் இருந்த இடைவெளியும் 150-க்குள். முதன்மைச் சோதனைக்கும் அதன் முடிவுக்கும் 250 முதல் 300. இரண்டாவது சான்றுக்கு 200. வேறு விளக்கம் ஏன் பொருந்தாது என்பதற்கு 80. விளைவுகளுக்கு 150. கீழ் அளவுகளை ஒட்டி எழுதினால் கூட்டுத்தொகை ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். அந்த இடைவெளி திருத்தத்துக்கு வேண்டும். முறைகளுக்கென்று தனிப் பத்தி வேண்டாம். ஒரு முடிவை நம்புவதற்கு எந்த முறை விவரம் தேவையோ அது மட்டும், அந்த முடிவு வரும் வாக்கியத்திலேயே வரட்டும்.

வேறு விளக்கத்தை மறுக்கும் 80 சொற்களை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். நல்ல தேர்வாளர் உங்கள் முதன்மை முடிவைப் படித்தவுடனேயே மனதில் ஒரு மறுப்பை எழுப்புவார். அடுத்த பத்தியில் நீங்கள் அதே மறுப்பை எடுத்துப் பேசினால், இவர் தன் ஆய்வை உள்ளும் புறமும் அறிந்தவர் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

முதல் வாக்கியம்

'தொற்று நோய்கள் உலகெங்கும் பெரும் சவாலாக விளங்குகின்றன' – இப்படித் தொடங்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் எத்தனை வந்தாலும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. அதே ஆய்வை 'பெருவில் வௌவால்களைக் கொன்றுகொண்டே இருந்தார்கள். ரேபிஸ் குறையவில்லை' என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த வரிக்குப் போயே தீர வேண்டும். வேறுபாடு அலங்காரத்தில் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் ஓர் இடம், ஒரு செயல், எதிர்பார்த்ததற்கு மாறான ஒரு விளைவு இருக்கின்றன.

சூழலியலில் பரிசு பெற்ற மேத்யூ சவோகாவின் ஆய்வும் அப்படிப்பட்டதுதான். கடற்பறவைகள் பிளாஸ்டிக்கை ஏன் தின்கின்றன? கண்ணுக்கு இரைபோலத் தெரிவதால் என்பது பொதுவான எண்ணம். பிளாஸ்டிக் மணிகளை வலைப் பைகளில் கட்டி, கலிஃபோர்னியக் கடலில் சுமார் மூன்று வாரம் மிதக்கவிட்டு எடுத்தபோது அவற்றிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு வீசியது – கடலில் இரை இருக்கும் இடத்தைப் பறவைக்குக் காட்டிக்கொடுக்கும் அதே மணம். மணத்தை அளந்த இடம் ஒயின் வேதியியல் ஆய்வகம். ஆக, பறவையை ஏமாற்றுவதில் மூக்குக்கும் பங்கு உண்டு. இத்தகைய ஆய்வில் 'பிளாஸ்டிக் மாசு பெருகி வருகிறது' என்று தொடங்கி 80 சொல்லைக் கரைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

நடை

'ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது', 'ஆய்வு செய்யப்பட்டுக் கண்டறியப்பட்டது' என்ற ஆய்வேட்டு ஆங்கிலம் நமக்குக் கைப்பழக்கம். இங்கே அது இரண்டு விதத்தில் கெடுக்கிறது: சொல்லைத் தின்கிறது, செய்தவர் யார் என்பதை மறைக்கிறது. இது உங்கள் பரிசு. உங்கள் பங்கு தெரிய வேண்டும். நீங்கள் செய்ததற்கு 'நான்', குழுவாகச் செய்ததற்கு 'நாங்கள்', மற்றவர் செய்ததற்கு அவர்கள் ஆய்வகத்தின் பெயர். 'சோதனையை நான் வடிவமைத்தேன். நுண்ணோக்கிப் படங்களைக் கூட்டு ஆய்வகம் எடுத்தது' என்று எழுதுவதால் உங்கள் மதிப்பு குறையாது. எல்லாவற்றுக்கும் 'நான்' போட்டால் பரிந்துரைக் கடிதத்தோடு முரண்படும். அந்த முரணுக்கு மன்னிப்பு கிடையாது.

சுருக்கெழுத்துகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். புரதப் பெயர்களையும் மரபணுப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: அது மறுபடி வருகிறதா? வரவில்லையென்றால் பெயர் எதற்கு, 'ஒரு நொதி' என்றால் போதும். எண்களைப் பொறுத்தவரை ஒரு கூற்றுக்கு ஒரு எண். மாதிரி எத்தனை, விளைவு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லுங்கள். புள்ளியியல் மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் அடுக்க வேண்டாம், அவை வெளியான ஆய்வுக் கட்டுரையில் இருக்கின்றன.

விளைவுகள் பற்றிய பத்தியில் அடக்கம் தேவை. செல் வளர்ப்புத் தட்டில் பார்த்த ஒன்றிலிருந்து 'புற்றுநோய்க்குத் தீர்வு' என்று தாண்டினால் அதுவரை சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு வரியில் போய்விடும். யார், எதை, இனி வேறு விதமாகச் செய்யலாம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'வௌவால்களைக் கொல்வதால் பாதிப்பு குறையவில்லை. கட்டுப்பாட்டு முறையை மாற்றி யோசிக்க வேண்டும்' என்பது அளவான, உறுதியான விளைவு.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள், சுருக்கமாக வையுங்கள். பரிசு பெற்ற கட்டுரைகளின் தலைப்புகளில் சில நான்கைந்து சொல்லைத் தாண்டுவதில்லை. செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் பாதை பற்றி எழுதி 2014-ல் பெரும்பரிசு பெற்ற லிரோன் பார்-பெலெடின் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் மூன்றே சொல்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கட்டுரையை எழுதச் சொல்வதைத் தவிருங்கள். சயின்ஸ் குழும இதழ்களில் இதற்கெனக் கொள்கை உண்டு. போட்டி விதிகளில் அந்த ஆண்டு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும். எல்லோரும் ஒரே கருவியைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே வழவழப்பான முதல் பத்திதான் வரும்.

படம், மேற்கோள், வெளிவராத தரவு

படம் தேவையென்றால் ஒன்று போதும். ஆய்வுக் கட்டுரையின் எட்டுக் கட்டப் படத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அதிலிருந்து ஒரே கட்டத்தை எடுத்துப் புதிதாக வரையுங்கள். வேறு இதழில் வெளியான படத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் அந்த இதழிடம் இருக்கும். மேற்கோள்களைப் பத்துக்குள் நிறுத்துங்கள். உங்கள் சொந்தக் கட்டுரைகள் அதில் இரண்டு மூன்று இருந்தால் போதும்.

பெரும்பரிசுக்குத் தேர்வானால் கட்டுரை அச்சாகும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் வெளிவராத தரவைச் சேர்க்கும் முன் நெறியாளரிடமும் இணை ஆசிரியர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிடமும் கேளுங்கள். முன்கூட்டியே வெளியிட்டுவிட்டால் பல நாடுகளில் காப்புரிமைக்கான வாய்ப்பே அடைபட்டுவிடும்.

யாரிடம் காட்டுவது

மூன்று பேர் போதும். ஒருவர் உங்கள் துறைக்காரர்: தவறு கண்டுபிடிக்க. ஒருவர் உயிரியலில் வேறு துறைக்காரர்: எங்கே தடுக்குகிறது என்று சொல்ல. மூன்றாமவர் ஆங்கிலத்தை மட்டும் பார்ப்பவர். இரண்டாமவர்தான் மிக முக்கியம். 'எப்படி இருக்கிறது' என்று அவரிடம் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். படித்து முடித்ததும் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, 'நான் என்ன கண்டுபிடித்தேன்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் வாக்கியமும் நீங்கள் தாளில் எழுதிய இரண்டாவது வாக்கியமும் ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டியது கட்டுரையை, அவரை அல்ல.

அனுப்புவது

கடைசித் தேதி பொதுவாக ஜூலை நடுவில் வரும். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11:59 என்று அறிவிப்பில் இருந்தால், ஜூலையில் அது இந்திய நேரப்படி மறுநாள் காலை 9:29. கணக்கு சாதகமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதை நம்பியிருக்க வேண்டாம். இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். சொல் எண்ணிக்கையைப் படிவத்திலேயே சரிபாருங்கள். வேர்டு எண்ணுவதும் இணையப் படிவம் எண்ணுவதும் சில சமயம் வேறுபடும். 980-ல் நிறுத்தினால் தொல்லையில்லை. பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும். தலைப்பெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கத்தால் ஆய்வேட்டில் ஒரு பெயர், கட்டுரைகளில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடுவதுண்டு. அப்படியென்றால் மூன்றும் ஒருவரே என்று விவரக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தேர்வானால்

டிசம்பர் பயணத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழக்கமாக 15 நாள். சில வேளை 45 நாள் வரை இழுக்கும். அழைப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே நேரம் பதிவு செய்யுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் சூரியன் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஊர் சுற்றும் திட்டமிருந்தால் காலையிலேயே கிளம்புங்கள்.

பரிசுப் பணத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அரசு நிறுவிய அல்லது அரசு அங்கீகரித்த விருதுகளுக்குத்தான் அந்த விலக்கு. வெளிநாட்டுப் பரிசுக்குத் தானாகக் கிடைக்காது. பணம் கணக்கில் விழும் முன்பே கணக்காயரிடம் கேட்டுவிடுங்கள்.

தேர்வாகாவிட்டால்

இரண்டு ஆண்டுச் சாளரத்தின் முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்திருந்தால், அந்த ஆண்டு விதிகள் அனுமதிக்கும்பட்சத்தில் அடுத்த ஆண்டும் முயலலாம். பட்டம் வாங்கிய கையோடு விண்ணப்பிப்பதன் பயன் இதுதான். அதே கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். இடையில் உங்கள் முடிவை வேறு ஆய்வகம் உறுதி செய்திருக்கலாம், அல்லது ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கலாம். விளைவுகள் பத்தியை அதற்கேற்ப மாற்றுங்கள்.

நரம்பியல் ஆய்வாளர்களுக்கு எப்பெண்டார்ஃப் – சயின்ஸ் பரிசு இருக்கிறது: 2002-ல் தொடங்கியது, 25,000 டாலர், 35 வயது வரையிலானவர்களுக்கு, அதற்கும் ஆயிரம் சொல் கட்டுரைதான். அங்கே கடைசித் தேதி பெரும்பாலும் ஜூன் நடுவில், ஒரு மாதம் முன்னதாக. குடல் நுண்ணுயிர்களில் வேலை செய்தவர்களுக்கு நோஸ்டர் – சயின்ஸ் நுண்ணுயிர்த் தொகுதிப் பரிசும், மீளுருவாக்க மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு சார்டோரியஸ் – சயின்ஸ் பரிசும் உண்டு. இவற்றில் தகுதியைக் கணக்கிடும் முறை வேறு. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பணியையும் ஏற்பார்கள். ஆகவே பட்டம் வாங்கி மூன்றாம் ஆண்டுக்குள் நுழைந்துவிட்டவர்கள் இந்த மூன்றின் விதிகளையும் படித்துவிட்டு, பழைய கட்டுரையில் ஆய்வேட்டுக்குப் பின் கிடைத்த முடிவை நடுவில் வைத்துத் திருப்பி எழுதலாம்.